ஜெயித்தவன் யார், சிறந்தவன் யார்?

பெயர் ஃபுட்பால். ஆனால் அதில் காலுக்கு வேலை ரொம்பக் குறைவு. பந்தும் உருண்டை இல்லை. முட்டையை இரண்டு பக்கமும் இழுத்து நீட்டின மாதிரி ஒரு சமாசாரம். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், எறிகிறார்கள், பிடிக்கிறார்கள். பிடித்தவன் மேல் ஐந்தாறு பேர் விழுகிறார்கள். அமெரிக்காவில் இதற்குத்தான் ஃபுட்பால் என்று பெயர். நாம் ஃபுட்பால் என்பதை அவர்கள் ஸாக்கர் என்கிறார்கள். அவர்கள் ஊர், அவர்கள் பந்து. நமக்கென்ன!

இந்த ஆட்டத்தைத் தொழிலாக ஆடுகிறவர்களின் லீக் தனி. நான் சொல்ல வந்தது கல்லூரி மாணவர்கள் ஆடுவதைப் பற்றி. கல்லூரி என்றதும் மரத்தடியில் நாற்பது பேர் நின்று கைதட்டுகிற காட்சியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். அது இருக்கும் ஆன் ஆர்பர் என்ற ஊரின் மொத்த ஜனத்தொகையே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். இங்கிருந்து எம்.எஸ். படிக்கப் போகிற பிள்ளைகள்கூட முதல் செமஸ்டர் முடிவதற்குள் பல்கலைக்கழகத்தின் வண்ணத்தில் ஒரு பனியன் வாங்கிவிடுகிறார்கள். எதிரிப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னால் முகம் சுளிக்கவும் கற்றுக்கொண்டு விடுகிறார்கள்.

முதல் ஆட்டம் 1869-ல் நடந்தது. ரட்கர்ஸ் கல்லூரி 6–4 என்று பிரின்ஸ்டனைத் தோற்கடித்தது. அன்றிலிருந்து இன்றுவரை இந்த விளையாட்டில் ஒரு விநோதம் தீராமல் இருக்கிறது. சாம்பியன் யார் என்று முடிவு செய்வதில்தான் சிக்கல்.

இதில் என்ன கஷ்டம், எல்லாரோடும் எல்லாரும் ஆடட்டுமே என்பீர்கள். முடியாது. மேல்தட்டில் மட்டும் 130-க்கும் அதிகமான அணிகள். ஆட்டமோ எலும்பை முறிக்கிற ஆட்டம். வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் ஆட உடம்பு தாங்காது. ஆகவே ஒவ்வோர் அணிக்கும் சீசனில் பன்னிரண்டு ஆட்டம்தான். அதிலும் பெரும்பாலானவை தங்கள் வட்டாரக் கூட்டமைப்புக்குள். அதற்கு கான்ஃபரன்ஸ் என்று பெயர். கிழக்கே ஒருவன் பன்னிரண்டையும் ஜெயித்து நிற்கிறான். தெற்கே ஒருவன் பதினொன்று ஜெயித்து, ஒன்றில் தோற்று நிற்கிறான். இருவரும் நேருக்கு நேர் மோதியதே இல்லை. யார் பெரியவன்?

அமெரிக்கர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, ஓட்டு! 1936-ல் அஸோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் பத்திரிகையாளர்களிடம் வாராவாரம் வாக்கெடுத்து ரேங்க் போட ஆரம்பித்தது. 1950-லிருந்து பயிற்சியாளர்களின் ஓட்டு தனியாக வந்தது. சில வருஷம் இரண்டு பட்டியலிலும் வேறு வேறு அணி முதலிடத்தில் இருக்கும். அப்போது நாட்டுக்கு இரண்டு சாம்பியன். 1969-ல் டெக்ஸாஸும் ஆர்கன்ஸாவும் மோதிய ஆட்டத்துக்கு ஜனாதிபதி நிக்ஸன் நேரில் போனார். 15–14 என்று ஜெயித்த டெக்ஸாஸ் அணிக்கு, 'நீங்கள்தான் நம்பர் ஒன்' என்று அங்கேயே ஒரு பட்டயம் கொடுத்துவிட்டு வந்தார். அதே வருஷம் ஒன்றில்கூடத் தோற்காத பென் ஸ்டேட் அணி வாயடைத்துப் போனது. அதன் கோச் ஜோ பட்டர்னோ 1973-ல் ஒரு பட்டமளிப்பு விழாவில் இதற்குப் பழி தீர்த்துக்கொண்டார். 1969-ல் ஃபுட்பால் பற்றி அவ்வளவு தெரிந்திருந்த மனுஷருக்கு 1973-ல் வாட்டர்கேட் பற்றி மட்டும் எப்படி ஒன்றுமே தெரியாமல் போயிற்று என்று கேட்டார்.

இதெல்லாம் வேடிக்கை. 2023-ல் நடந்தது வேடிக்கை இல்லை. நான் பேச நினைப்பது அதைத்தான்.

அதற்குள் ஏற்பாடுகள் மாறியிருந்தன. 2014 முதல் பதின்மூன்று பேர் கொண்ட ஒரு கமிட்டி நான்கு அணிகளைத் தேர்ந்தெடுக்கும். அந்த நான்கும் அரையிறுதி, இறுதி என்று ஆடி சாம்பியனை முடிவு செய்யும். 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் பன்னிரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தது. பதின்மூன்றாவதாக கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தையும் ஜெயித்தது. 13–0. சின்னக் கூட்டமைப்பு அல்ல, பெரியவர்கள் வரிசையில் உள்ள கூட்டமைப்பு. அப்படி ஒரு கூட்டமைப்பின் தோல்வியே காணாத சாம்பியனை இந்தக் கமிட்டி அதுவரை ஒதுக்கியதே இல்லை.

நடுவில் ஒரு விபத்து. நவம்பர் 18 அன்று அவர்களுடைய குவார்ட்டர்பேக் ஜோர்டன் ட்ராவிஸுக்குக் கால் முறிந்தது. குவார்ட்டர்பேக் என்பவர் இந்த ஆட்டத்தின் மூளை. பந்து அவர் கையிலிருந்துதான் கிளம்ப வேண்டும். அவர் இல்லாமல் அணி இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியது. முதலாவதில் மாற்று ஆள். இரண்டாவதில் அவரும் ஆட முடியாமல் முதலாண்டு மாணவர் ஒருவர். இரண்டையும் ஜெயித்தார்கள். ஆனால் அழகாக ஜெயிக்கவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். கடைசி ஆட்டம் 16–6.

டிசம்பர் 3-ம் தேதி கமிட்டி நான்கு பெயரை அறிவித்தது. மிச்சிகன், வாஷிங்டன், டெக்ஸாஸ், அலபாமா. இதில் டெக்ஸாஸும் அலபாமாவும் தலா ஓர் ஆட்டம் தோற்றவை. ஃப்ளோரிடா ஸ்டேட்டுக்கு ஐந்தாம் இடம். பெரிய திரையில் அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த அணி அப்படியே உட்கார்ந்திருந்தது. ட்ராவிஸ் அன்று எழுதியதன் சாரம் இது: என் கால் இன்னும் முன்னாலேயே முறிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த அணி வெறும் குவார்ட்டர்பேக் அல்ல என்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

ஒரு பையன் தன் கால் சீக்கிரமே உடைந்திருக்கக் கூடாதா என்று ஏங்கும்படி ஒரு தீர்ப்பு அமைந்தது என்றால், அதில் எங்கோ ஒரு கோளாறு இருக்கிறது. ஆனால் எங்கே?

கமிட்டியைத் திட்டுவது சுலபம். அவர்கள் பக்கத்தைக் கேட்போம். அவர்களுடைய விதிமுறையில், தேர்ந்தெடுக்க வேண்டியது 'மிகச் சிறந்த' அணிகளை என்றுதான் இருக்கிறது. அதிக ஆட்டம் ஜெயித்த அணிகளை என்று இல்லை. முக்கிய ஆட்டக்காரர் ஒருவர் இல்லாமல் போவது இனி வரும் ஆட்டத்தைப் பாதிக்குமா என்று கணக்கில் எடுக்கலாம் என்றும் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆகவே அவர்கள் விதியை மீறவில்லை. ட்ராவிஸ் இல்லாத இந்த அணி டிசம்பரில் எப்படிப்பட்ட அணி என்று பார்த்தார்கள். அலபாமா அதைவிடப் பலமானது என்று நினைத்தார்கள். அலபாமா அப்போதுதான், தொடர்ந்து 29 ஆட்டம் ஜெயித்து வந்த ஜார்ஜியாவை வீழ்த்தியிருந்தது. நினைப்பில் தப்பில்லை. அரையிறுதியில் மிச்சிகனிடம் அலபாமா தோற்றாலும், ஆட்டம் கூடுதல் நேரம் வரை இழுத்தது. அந்த மிச்சிகன்தான் பிறகு சாம்பியன்.

ஆக, சண்டை யோக்கியர்களுக்கும் அயோக்கியர்களுக்கும் அல்ல. இரண்டு நியாயங்களுக்கு நடுவில். 'என்ன செய்து முடித்தாய்?' என்று கேட்கிற நியாயம் ஒன்று. 'இனி என்ன செய்வாய்?' என்று கேட்கிற நியாயம் இன்னொன்று.

இந்தத் தகராறு புதுசு இல்லை. அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலில் ஒரு கேள்வி எழுப்புகிறார். நல்ல புல்லாங்குழல் ஒன்று இருக்கிறது. யாருக்குக் கொடுக்கலாம்? அழகனுக்கா? பெரிய குடும்பத்தில் பிறந்தவனுக்கா? இல்லை, நன்றாக வாசிக்கிறவனுக்குத்தான் என்கிறார். குழல் இருப்பது வாசிக்கப்படுவதற்காக. கமிட்டியின் வாதமும் இதேதான். அரையிறுதி என்பது ஒரு புல்லாங்குழல். டிசம்பரில் யாரால் நன்றாக வாசிக்க முடியுமோ அவனுக்குக் கொடு.

சரி. ஆனால் உலகத்தில் கொடுக்கப்படுவது எல்லாம் புல்லாங்குழல் இல்லையே! பதக்கம் என்றும் ஒன்று இருக்கிறது. பதக்கம் இனி வாசிக்கப்போகிற பாட்டுக்கு இல்லை, வாசித்து முடித்த பாட்டுக்கு. நூறு மீட்டர் ஓடி முதலில் வந்தவன் கோட்டைத் தாண்டியதும் கால் பிசகி விழுந்துவிட்டான் என்று வையுங்கள். 'மறுபடி ஓடினால் இவன் ஜெயிக்க மாட்டான், ஆகவே தங்கப் பதக்கம் இரண்டாவது ஆளுக்கு' என்று யாராவது சொன்னால் சிரிப்போமா மாட்டோமா?

மாறாக, ஓர் ஆஸ்பத்திரி. பத்தாயிரம் ஆபரேஷன் செய்த பெரிய டாக்டர். நேற்று அவர் விரல் ஒடிந்துவிட்டது. 'இவ்வளவு வருஷம் உழைத்தவர், பாவம், இன்றைக்கும் அவரே கத்தியைப் பிடிக்கட்டும்' என்று நன்றியுணர்ச்சியில் விட்டுவிட முடியுமா? மேஜையில் படுத்திருக்கிறவன் கதி? அங்கே கத்தி புல்லாங்குழல். நேற்றைய பெருமை செல்லாது.

ஆகவே எந்தச் சண்டையிலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே கொடுக்கப்படுவது குழலா, பதக்கமா? மேஜையில் ஒரு நோயாளி படுத்திருந்தால் குழல். இல்லாவிட்டால்?

ஃப்ளோரிடா ஸ்டேட்டை உள்ளே விட்டிருந்தால் யார் உயிர் போயிருக்கும்? ஒருவேளை அரையிறுதி ஒருதலைப்பட்சமாக, சுவாரசியமில்லாமல் போயிருக்கும். டெலிவிஷன் பார்க்கிற கோடிப் பேர் கொட்டாவி விட்டிருப்பார்கள். நோயாளியின் இடத்தில் இருப்பது பார்வையாளனின் பொழுதுபோக்கு. அதற்கும் மதிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை அந்தப் பையன்களிடம் சொல்லப்பட்டது என்ன? ஜெயி. எல்லாவற்றையும் ஜெயி. ஜெயித்தால் இடம் உண்டு. இருபது வயதுப் பையன்கள் அதை நம்பித்தான் முட்டியை உடைத்துக்கொள்கிறார்கள். விதிப் புத்தகத்தில் 'மிகச் சிறந்த' என்று இருக்கலாம். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்கோர்போர்டு சொன்னது வேறு. ஆட்டம் என்று ஒன்றை நடத்துவதே ஒரு வாக்குறுதி. யார் சிறந்தவன் என்பதை மேஜை போட்டு உட்கார்ந்து முடிவு செய்யப்போவதில்லை, மைதானத்தில் முடிவு செய்வோம் என்கிற வாக்குறுதி.

இப்போது கமிட்டி ரசிகர்கள் ஒரு துருப்புச் சீட்டை எடுத்துப் போடுவார்கள். டிசம்பர் 30, 2023. ஒதுக்கப்பட்ட ஃப்ளோரிடா ஸ்டேட் ஆரஞ்சு பௌல் என்ற வேறொரு ஆட்டத்தில் ஜார்ஜியாவுடன் மோதியது. முடிவு 63–3. பார்த்தீர்களா, இந்த லட்சணத்தில் இவர்களுக்கு அரையிறுதி வேறா என்று கேட்டார்கள்.

கொஞ்சம் நிதானியுங்கள். அன்று ஆடியது எந்த அணி? சாம்பியன் பட்டத்துக்கு வழி அடைபட்ட பிறகு, முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் இந்த ஆட்டத்தில் இறங்கவில்லை. தொழில்முறை லீகுக்குப் போகப்போகிறவன் அர்த்தமில்லாத ஓர் ஆட்டத்தில் ஏன் காலை உடைத்துக்கொள்ள வேண்டும்? சிலர் வேறு கல்லூரிக்கு மாறக் கிளம்பிவிட்டார்கள். சிலருக்குக் காயம். இருபது பேருக்கு மேல் இல்லாமல் அணி ஆடியது. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜார்ஜியாவும் ஒதுக்கப்பட்ட அணிதான், அவர்களுக்கும் மனசு விட்டுப்போயிருக்கும், இருந்தும் வந்து ஆடினார்கள். அதற்கு ஒரு சபாஷ். ஆனால் 63–3 எதை நிரூபிக்கிறது? கமிட்டியின் முடிவு சரி என்பதையா, கமிட்டியின் முடிவால் விளைந்ததையா?

முன்கூட்டியே தீர்ப்பு சொல்வதில் இருக்கிற அபாயம் இதுதான். 'உன்னால் முடியாது' என்று சொல்லி ஒருவனை வெளியே நிறுத்துகிறோம். வெளியே நின்றவன் சோர்ந்துபோகிறான். சோர்ந்ததைக் காட்டி, 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்கிறோம். ஜோசியம் பலித்துவிட்டது! பலிக்க வைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

ஜோசியம் பலிக்காத கதையும் இதே கமிட்டியின் முதல் வருஷத்திலேயே இருக்கிறது. 2014-ல் ஒஹையோ ஸ்டேட் அணி. சீசன் தொடங்கும் முன்பே முதல் குவார்ட்டர்பேக் காயம். இரண்டாமவர் பிரமாதமாக ஆடிக்கொண்டிருந்தார். மிச்சிகனுடனான கடைசி ஆட்டத்தில் அவர் கணுக்கால் முறிந்தது. மூன்றாவதாக வந்தவர் கார்டேல் ஜோன்ஸ். அதுவரை ஒரு பெரிய ஆட்டத்தைக்கூட அவர் தொடங்கி வைத்தது கிடையாது. அவரை வைத்து கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்ஸினை 59–0 என்று நொறுக்கினார்கள். கமிட்டி அவர்களுக்கு நான்காவது இடம் கொடுத்தது. அரையிறுதியில் அலபாமாவை 42–35. இறுதியில் ஆரிகனை 42–20. மூன்றாவது ஆளை வைத்துக்கொண்டு சாம்பியன்!

59–0 என்று ஜெயித்ததால்தானே நம்பினார்கள், 16–6 என்று ஜெயித்தவனை எப்படி நம்புவது என்று கேட்கலாம். கேட்கலாம்தான். ஆனால் அப்படிக் கேட்கும்போது நாம் ஜெயிப்பதை விட்டுவிட்டு ஜெயிக்கிற அழகுக்கு மார்க் போட ஆரம்பித்துவிட்டோம். அதற்கு ஆட்டம் எதற்கு? அழகிப் போட்டி போதுமே.

இதைவிடப் பழைய அநியாயம் ஒன்றும் இந்த விளையாட்டில் உண்டு. அதைப் புரிந்துகொள்ள நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை, மகாபாரதம் போதும். அரங்கேற்ற மைதானத்தில் அர்ஜுனன் செய்து காட்டிய வித்தையை எல்லாம் தானும் செய்து காட்டி, வா சண்டைக்கு என்கிறான் கர்ணன். கிருபாச்சாரியார் குறுக்கே வந்து, 'தம்பி, நீ எந்தக் குலம்?' என்று கேட்கிறார். வில்லைப் பற்றிக் கேள்வியே இல்லை.

2017-ல் ஒஹையோவுக்கு வெகு தெற்கே, ஆர்லாண்டோ நகரத்தின் சென்ட்ரல் ஃப்ளோரிடா பல்கலைக்கழகம் சீசன் முழுக்கத் தோற்கவில்லை. ஆனால் அது சின்ன கான்ஃபரன்ஸ். கமிட்டி அவர்களுக்குக் கொடுத்த ரேங்க் பன்னிரண்டு. சின்னப் பசங்களோடு ஆடி ஜெயித்தாய், பெரியவர்களோடு ஆடியிருந்தால் தெரிந்திருக்கும் என்றார்கள். பெரியவர்களோ அவர்களுடன் மோத அவ்வளவாக ஆர்வம் காட்டுவதில்லை. தோற்றால் மானம் போகும், ஜெயித்தால் பெருமை இல்லை. 2018 புத்தாண்டு தினத்தில் பீச் பௌல் ஆட்டத்தில் அவர்களுக்கு ஒரு பெரியவர் கிடைத்தார். ஆபர்ன். 34–27 என்று ஜெயித்தார்கள். அந்த ஆபர்ன் அதே சீசனில் அலபாமாவையும் ஜார்ஜியாவையும் தலா ஒரு முறை தோற்கடித்திருந்தது. அந்த வருஷ இறுதி ஆட்டத்தில் மோதியது யார் தெரியுமா? அலபாமாவும் ஜார்ஜியாவும்!

சென்ட்ரல் ஃப்ளோரிடா என்ன செய்தது? 'நாங்கள்தான் தேசிய சாம்பியன்' என்று தாங்களே அறிவித்து, டிஸ்னி வேர்ல்டில் ஊர்வலம் போய், மைதானத்தில் கொடியும் ஏற்றிவிட்டார்கள். ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதவைத் தட்டினவனைக் குலம் கேட்டுத் திருப்பி அனுப்பினால் அவன் தனக்குத் தானே பட்டாபிஷேகம் செய்துகொள்ளாமல் என்ன செய்வான்? கர்ணனுக்காவது ஒரு துரியோதனன் இருந்தான்.

இந்த ரேங்க் சண்டைகளுக்கெல்லாம் அப்பால், காலேஜ் ஃபுட்பாலில் கமிட்டி நுழைய முடியாத இடம் ஒன்று உண்டு. அதுதான் ஜென்மப் பகை ஆட்டங்கள். மிச்சிகனுக்கு ஒஹையோ ஸ்டேட். அலபாமாவுக்கு ஆபர்ன். தரைப்படைக் கல்லூரிக்குக் கடற்படைக் கல்லூரி. மிச்சிகனும் ஒஹையோவும் முதலில் மோதியது 1897-ல். அலபாமாவும் ஆபர்னும் 1893-ல் தொடங்கி, 1907-க்குப் பிறகு ஆட்டக்காரர்களுக்குத் தினப்படி எவ்வளவு, நடுவர் எங்கிருந்து வர வேண்டும் என்ற தகராறில் 'டூ' விட்டு, 1948 வரை நாற்பத்தோரு வருஷம் ஆடாமலே இருந்தார்கள். சின்னக் குழந்தைகள் கெட்டார்கள். பகை எல்லை மீறிய சந்தர்ப்பமும் உண்டு. 2010-ல் ஆபர்ன் ஜெயித்த கோபத்தில் அலபாமா ரசிகர் ஒருவர், ஆபர்ன் மாணவர்கள் வெற்றியைக் கொண்டாடுகிற முச்சந்தியில் நின்ற பழைய ஓக் மரங்களுக்கு விஷம் வைத்தார். ஜெயிலுக்குப் போனார். மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை, 2013-ல் வெட்டினார்கள்.

கிறுக்குத்தனம்தான். ஆனால் அந்தப் பகையில் ஒரு நேர்மையும் இருக்கிறது. அங்கே 'மிகச் சிறந்த' என்ற பேச்சே கிடையாது. அன்றைக்கு ஆடினாய், ஜெயித்தாய் அல்லது தோற்றாய். உனக்குக் காயமா, உன் சீசன் மோசமா, யாரும் கேட்க மாட்டார்கள்.

2024 நவம்பர் 30 அன்று நடந்ததைச் சொல்கிறேன். மிச்சிகனுக்கு அது சுமாரான வருஷம். அதற்குள் ஐந்து தோல்வி. ஒஹையோ ஸ்டேட் நாட்டின் முன்னணி அணிகளில் ஒன்று, ஆட்டமும் அவர்கள் சொந்த மைதானத்தில். எந்தக் கமிட்டியைக் கேட்டாலும் சிறந்தது எது என்று தூக்கத்தில்கூடச் சொல்லிவிடும். மிச்சிகன் 13–10 என்று ஜெயித்தது. ஜெயித்த கையோடு எதிரியின் மைதான மத்தியில் தங்கள் கொடியை நடப்போக, அடிதடியாகி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்க வேண்டியதாயிற்று.

கதை அத்தோடு முடியவில்லை. அந்த வருஷம்தான் நான்கு அணி என்பதைப் பன்னிரண்டு அணி என்று விரித்திருந்தார்கள். ஒஹையோவுக்கும் அதில் இடம் கிடைத்தது. நான்கு ஆட்டத்தை வரிசையாக ஜெயித்து, 2025 ஜனவரி 20-ல் நோட்ர டாமை 34–23 என்று வீழ்த்தி, தேசிய சாம்பியன் ஆகிவிட்டார்கள். சுமாரான மிச்சிகனிடம் தோற்ற சாம்பியன்!

யார் பெரியவன்? ஒஹையோ ரசிகர் கோப்பையைக் காட்டுவார். மிச்சிகன் ரசிகர் 13–10 என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். இரண்டும் உண்மை. ஒன்றை வைத்து இன்னொன்றை அழிக்க முடியாது. கோப்பை வந்ததால் அந்தத் தோல்வி இல்லை என்று ஆகாது. தோற்றதால் கோப்பை போலி என்றும் ஆகாது. நடந்தது எதுவோ அது நடந்தது. 2023 தீர்ப்பில் எனக்கு உறுத்துவது இந்த மரியாதை இல்லாமல் போனதுதான். பதின்மூன்று ஆட்டம் நடந்தது. ஆனால் நடக்காத ஓர் ஆட்டத்தின் கற்பனை முடிவு அந்தப் பதின்மூன்றையும் விட கனமாகிவிட்டது.

பன்னிரண்டு அணி ஆக்கிவிட்டால் பிரச்னை தீர்ந்துவிடும் என்றார்கள். தீர்ந்ததா? 2025 டிசம்பரில் ரேங்க் பட்டியலில் பதினோராவது இடத்தில் இருந்த நோட்ர டாம் வெளியே நின்றது. இருபதாவதும் இருபத்துநான்காவதுமாக இருந்த டுலேன், ஜேம்ஸ் மாடிஸன் என்ற இரண்டு சின்ன அணிகள், தங்கள் கான்ஃபரன்ஸில் முதலாவதாக வந்ததற்காக உள்ளே போயின. கடைசிப் பொது இடம் மயாமிக்கு. நோட்ர டாமும் மயாமியும் தலா பத்து ஜெயித்து இரண்டு தோற்றவை. முந்தைய வாரங்களில் கமிட்டி நோட்ர டாமைத்தான் மேலே வைத்திருந்தது. ஆனால் சீசனின் தொடக்கத்தில் நேருக்கு நேர் மோதியபோது மயாமி 27–24 என்று ஜெயித்திருந்தது. கடைசியில் அது எடை போடப்பட்டது. நோட்ர டாம் கோபித்துக்கொண்டு, வேறு எந்த ஆட்டத்துக்கும் வரமாட்டோம் என்று சீசனை முடித்துக்கொண்டது.

எனக்கு நோட்ர டாம் மேல் அனுதாபம் உண்டு. ஆனாலும் இந்தத் தடவை கமிட்டி கட்சிதான் நான். அவர்கள் கடைசியில் ஜோசியத்தை விட்டுவிட்டு, நடந்த ஓர் ஆட்டத்தின் பக்கம் நின்றார்கள். சின்ன அணிகளையும் குலம் கேட்கவில்லை. வாசலில் நிற்கிற கடைசி ஆளுக்கு எப்போதும் ஒரு வருத்தம் இருக்கும், நான்கு பேரை விட்டாலும் நாற்பது பேரை விட்டாலும். அதை எந்த விதியாலும் ஒழிக்க முடியாது. எதைக் காரணம் காட்டி அவனை நிறுத்துகிறோம் என்பதில்தான் நம் யோக்கியதை இருக்கிறது. 'நீ அன்றைக்குத் தோற்றாய்' என்று சொல்லி நிறுத்தினால் அவனால் தாங்கிக்கொள்ள முடியும். அடுத்த வருஷம் அதே ஆளைத் தோற்கடிக்கலாம் என்று போய் பயிற்சி எடுப்பான். 'நீ இனிமேல் தோற்பாய்' என்று சொல்லி நிறுத்தினால் அவன் எதை எதிர்த்துப் பயிற்சி எடுப்பது?

இது பந்தோடு முடிகிற விஷயமா என்ன! நம்மைச் சுற்றி ஜோசியக் கமிட்டிகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. பாங்கில் கடன் கேட்டால், இதுவரை ஒழுங்காகக் கட்டினாயா என்பது மட்டும் போதவில்லை, இனி கட்டுவாயா என்று கம்ப்யூட்டர் ஊகிக்கிறது. ஆபீஸில் பதவி உயர்வு என்றால், செய்த வேலை ஒரு பக்கம், 'பொட்டென்ஷியல்' என்று இன்னொரு பத்தி. பிரசவத்துக்கு லீவு போகப்போகிறவள், வயசாகிறவர், உடம்பு சரியில்லாமல் போய்த் திரும்பியவர் எல்லாரும் அந்தப் பத்தியில்தான் அடிபடுகிறார்கள். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால், 'இனிமே முன்ன மாதிரி முடியுமா?' அவர்களும் ஒருவிதத்தில் 13–0 எடுத்தவர்கள்தான்.

எல்லா இடத்திலும் நேற்றை மட்டும் பார் என்று நான் சொல்லவில்லை. நோயாளி படுத்திருக்கும் இடத்தில் நாளையைத்தான் பார்க்க வேண்டும். விமானம் ஓட்டுகிறவரின் கண்ணைச் சோதிக்கத்தான் வேண்டும். ஆனால் அதை வேலையின் பொறுப்பு என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 'செய்து காட்டு, தருகிறேன்' என்று சொல்லிவிட்டு, செய்து காட்டியவனிடம் 'இனி உன்னால் முடியாது' என்பது கணிப்பு அல்ல, வாக்குத் தவறுவது. அழகாக, புள்ளிவிவரத்தோடு, பதின்மூன்று பேர் கையெழுத்துப் போட்டுச் செய்தாலும் அது அதுதான்.

அடுத்த தடவை யாரையாவது 'இவன் தேறமாட்டான்' என்று ஒதுக்கத் தோன்றினால், ஒரு நிமிஷம் அந்த மூன்றாவது ஆள் கார்டேல் ஜோன்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஜெயித்ததற்காக மட்டும் இல்லை. ஜெயிக்கிறாரா என்று பார்க்க, அவரை முதலில் ஆட விட்டார்களே, அதற்காக.